கொடிக்கம்பத்துக்கு நேராக

3 அக்டோபர் 1979, புதன்

நாலரை மணிக்கு இலை நிறுவை முடிந்தது. நேராகக் கோல்ஃப் திடலுக்குப் போனேன். முப்பது பந்து அடித்தேன். இருபத்துநாலு பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிப் போயின.

கருங்கல்மேடு தேயிலை எஸ்டேட்டில் நான் சின்னத் துரையாகி, அதாவது உதவி மேனேஜராகி, மூன்று மாதம் ஆகிறது. பதினாலு வருடம் பேக்டரியில் எண்ணெய்க் கையோடு நின்றவன். போடி பஜாரில் ஏலக்காய்க் கடைக்காரர் மகன். இப்போது கிளப்பில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஆனால் சின்னத் துரை என்றால் கோல்ஃப் ஆடத் தெரிந்திருக்க வேண்டுமாம். நவம்பர் 18, ஞாயிறு, மலைக்கு அந்தப்புறத்துக் கிளப்போடு போட்டி. என் பெயரையும் எழுதிவிட்டார் பெரிய துரை குருவிளா. அங்கே கேலிக்கு ஆளானால் மறுபடி பேக்டரிதான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

இன்று பின்னால் நின்று பார்த்துவிட்டு அவர் சொன்னது: "ராஜமணி, நிங்கள் பந்தை அடிக்கறதில்லை, பந்தோட கூடவே விழறீங்க. வெயிட்டு முழுக்க விரல்நுனியில. பாதத்து நடுவில நிக்கணும். மனசிலாயோ?"

மனசிலாயி. காலுக்குத்தான் ஆகவில்லை.

6 அக்டோபர், சனி

முறையாகச் செய்வதென்று முடிவு. திடலின் பின்னால் இருக்கும் பாறையில் ஓர் ஆணி அடித்தேன். அங்கிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, பந்து வைக்கும் இடத்தில் ஒரு முளைக்குச்சி. இரண்டுக்கும் நடுவே கயிறு. ஆணிக்குப் பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கயிறு, முளை, நூற்றைம்பது கெஜம் தாண்டி எதிர்ப் பாறையில் நிற்கும் கிளப் கொடிக்கம்பம் மூன்றும் ஒரே கோட்டில் வரும். கயிற்றை ஒட்டினாற்போல் என் இரண்டு பாதங்களின் அச்சைச் சுண்ணாம்பால் வரைந்தேன். தோள் அகலத்துக்குக் கால். முழங்கால் லேசாகத் தளர. இடுப்பில் மடிந்து, முதுகு நேராக. அடித்து முடித்ததும் இடது காலில் மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும்.

ஒன்று எண்ணுவதற்குள் பள்ளத்தைப் பார்த்து இரண்டடி வைத்துவிட்டேன். பத்துத் தடவையும் அப்படியே.

திடலில் புல் வெட்டுகிற ஒச்சாண்டி பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் மலையேறி வந்தவர். "தொரை, யாரோ பின்னாடி நின்னு தள்ளுற மாரியில்ல இருக்கு" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

9 அக்டோபர், செவ்வாய்

கயிறு கோணியிருக்கிறது. ஆணிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் கோடு கொடிக்கம்பத்துக்கு இரண்டடி வலப்பக்கம், பள்ளத்துப் பக்கமாகப் போகிறது. முளை ஒரு விரல் அளவு நகர்ந்திருக்கிறது.

ஒச்சாண்டியைக் கேட்டேன். "நான் தொடுவனா தொரை? அந்தப் பக்கம் கத்தியவே கொண்டு போகலையே" என்றார். முகம் வாடிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது.

பிடுங்கி நேராக நட்டேன்.

10 அக்டோபர், புதன்

நேராக இருக்கிறது. மாடு முட்டியிருக்கும்.

14 அக்டோபர், ஞாயிறு

மாடு இல்லை.

இந்தத் தடவை ஒன்றரை விரல். அதே பக்கம். மண்ணில் குளம்படி இல்லை, செருப்புத் தடமும் இல்லை. முளையைச் சுற்றிப் புல் ஒரு இதழ்கூடக் கலையவில்லை. நான் வரைந்த சுண்ணாம்புப் பாதங்கள் முளையோடு சேர்ந்தே போயிருக்கின்றன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முளையை ஒருவன் பிடுங்கி நடலாம். ஒரு பாதத்தின் அச்சை எப்படி நகர்த்துவான்?

பந்தை வைக்கக் குனிந்தபோது தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மழை இல்லை. வாய்க்கால் இல்லை. நிமிர்ந்தால் சத்தம் இல்லை. குனிந்தால் இருக்கிறது.

17 அக்டோபர், புதன்

வீட்டுச் சிமெண்டுத் தரையில் ஒற்றைக் காலில் நின்றேன். ஞானசெல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். முழுதாக ஒரு நிமிடம் அசையவில்லை. கண்ணை மூடியும் நின்றேன். "ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. கொஞ்ச நாளைக்கு அந்த மட்டையத் தூக்கி வைங்க" என்றாள்.

அரை மணி கழித்துத் திடலில் அதே கால், அதே செருப்பு. ஐந்து எண்ணுவதற்குள் சரிந்தேன்.

20 அக்டோபர், சனி

இன்று ஒச்சாண்டி தானாக வந்து பக்கத்தில் குத்த வைத்தார்.

"தொரை, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கிடக் கூடாது. இது தரையே இல்ல. ஓடை."

வெள்ளைக்காரத் துரை காலத்தில் இங்கே ஓடை இறங்கிக்கொண்டிருந்ததாம். ஆட்டத்துக்குச் சமதளம் வேண்டுமென்று மரத்தையும் மண்ணையும் போட்டு மூடினார்களாம். "நானே கூடையில மண்ணு செமந்து கொட்டியிருக்கேன். அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. அந்தத் தொரை போனப்பெறகு அவுக இங்கன நின்னு பந்தடிக்கிற சத்தம் கேக்குதுன்னு லயன்ல பேசிக்கிருவாக. நான் கேட்டதில்ல. எனக்குக் கேக்குறது தண்ணிதான்."

"எத்தனை நாளாக் கேக்குது?"

"ரெண்டு வருசமா."

இந்தத் திடலுக்கு நேர் கீழே, இருநூறடிச் சரிவில், தொழிலாளர் குடியிருக்கும் பதினாறு லயன் வீடு. அதை ஒட்டிப் பிள்ளைக் கொட்டகை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்.

24 அக்டோபர், புதன்

கிளப்பில் குருவிளாவிடம் சொன்னேன். கயிறு, முளை, விரல் கணக்கு, மூடிய ஓடை, எல்லாம். மேசையிலிருந்த மற்ற இரண்டு துரைமாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கிளாசை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எடோ, ஸ்விங் சரியாகலைன்னா மலை மேலயா கேஸ் போடறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

27 அக்டோபர், சனி

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. முப்பதில் இருபத்தொன்று நேராகப் போயின.

எடையைக் குதிகாலுக்குக் கொண்டுபோனேன், அவ்வளவுதான். முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி, மட்டையை அரை அங்குலம் நீளமாகப் பிடித்து, மலைப்பக்கம் உட்காருகிற மாதிரி நின்றேன். அடித்து முடித்து மூன்று எண்ணினேன். விழவில்லை. குருவிளா கை தட்டினார். "பார்த்தோ? நான் சொன்னது தன்னே!"

கயிறு இரண்டு விரல் போயிருந்தது. அவர் வருவதற்கு முன் நானே பிடுங்கி நேராக நட்டுவிட்டேன். பழைய குழியை மிதித்து மூடினேன்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று செருப்பைக் கழற்றும்போது மல்லாக்க விழுந்தேன். தள்ளினது யாருமில்லை. சமமான தரையில் எனக்கு இப்போது நிற்கத் தெரியவில்லை.

1 நவம்பர், வியாழன்

மழை. மறுபடி நட்டேன்.

5 நவம்பர், திங்கள்

விடாத மழை. மறுபடி. நாலாவது தடவை. மூன்று விரல். பந்து எல்லாம் நேராகத்தான் போகிறது. போட்டி முடியட்டும், பதின்மூன்று நாள்தானே, அதற்குப் பிறகு எழுத்தில் கொடுப்போம்.

8 நவம்பர், வியாழன்

பிள்ளைக் கொட்டகை ஆயா சங்கிலியம்மாள் காலை மஸ்டரில் ஆள் எண்ணி முடிந்ததும் என்னை மறித்தாள். கணவனை இழந்தவள், நாற்பது வயதிருக்கும். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "சின்ன தொரை, ஒரு எட்டு வந்து தொட்டிலப் பாத்துட்டுப் போங்க" என்றாள்.

போனேன். உத்தரத்திலிருந்து பதினோரு சீலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பிள்ளைகள் தூங்குகின்றன. பதினோரு தொட்டிலும் பள்ளத்துப் பக்கம் இழுபட்ட மாதிரி, முன்சுவரை உரசிக்கொண்டு நின்றன.

"தீவாளிக்கு முந்தி நடுவாந்தரமாத்தான் தொங்குச்சு. யாரு இழுத்துப் பிடிச்சிருக்கா தொரை? ராத்திரியில இல்ல, பட்டப்பகல்ல, ஏங் கண்ணு முன்னால சொவத்துக்குப் போகுது. காத்தும் இல்ல."

கதவைக் காட்டினாள். நிலைக்குள் போகவில்லை. மேலே ஒரு பக்கம் இடிக்கிறது, இன்னொரு பக்கம் கை நுழைகிறது.

தொட்டில் நகரவில்லை. தொட்டில் நேராகத்தான் தொங்குகிறது. கொட்டகைதான் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அங்கே நிமிர்ந்து நின்றது அந்தப் பதினோரு பிள்ளைகள் மட்டும்தான்.

அவளிடம் அதைச் சொல்லாமலே வெளியே வந்தேன். நாலு தடவை முளையைப் பிடுங்கி நட்டேனே. என்ன மனுசன் நான்.

10 நவம்பர், சனி

குருவிளாவைப் பங்களாவிலேயே போய்ப் பார்த்தேன். கொட்டகைக்கு வந்து பார்க்கவும், லயன் ஜனங்களை வேறிடத்துக்கு மாற்றவும் சொன்னேன். "மழைக்காலத்தில எல்லாக் கதவும் பிடிக்கும். பதினெட்டாம் தேதி கழியட்டே. பதினாறு குடும்பத்தை எங்க கொண்டு வைக்க?" என்றார். பேக்டரியில் இலை வாட்டும் மாடி இருக்கிறதே என்றேன். "போட்டிக்கு வர்றவங்க பேக்டரி பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

12 நவம்பர், திங்கள்

பொய் சொன்னேன். மலேரியாக்காரர்கள் மருந்து அடிக்க வருகிறார்கள், இரண்டு நாள் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது, எல்லாரும் பேக்டரி மாடிக்கு வந்துவிட வேண்டும் என்று மஸ்டரில் அறிவித்தேன். பானை, பாய், கோழிக் கூடை என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாடி முழுக்கப் பச்சை இலை வாசமும் பிள்ளை அழுகையும்.

13 நவம்பர், செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. மழைகூட நின்று வெயில் அடித்தது. மருந்துக்காரர் யாரும் வரவில்லை என்று பகலுக்குள் தெரிந்துவிட்டது. குருவிளா பேக்டரி வாசலில் வைத்து, எல்லார் முன்னாலும், என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். எல்லாரையும் லயனுக்குத் திரும்பச் சொன்னார். ஜனங்களுக்கும் என்மேல்தான் கோபம். ஒருவர் என் காதுபடவே, "கோலியடிச்சு கோலியடிச்சுப் புத்தி கலங்கிருச்சு" என்றார்.

சங்கிலியம்மாள் மட்டும் இறங்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "பெரிய தொரை, என்னைய வேணா நிறுத்திக்கங்க. பிள்ளைகள நான் அங்கன கொண்டு போகமாட்டேன். தொட்டில நான் பாத்தேன்" என்றாள். படியை விட்டு எழவில்லை. குருவிளா இரண்டு தடவை உத்தரவு போட்டார். பிறகு திரும்பிப் போய்விட்டார். தாய்மார் கொழுந்துக்குப் போகும் வழியில் பிள்ளைகளை அவளிடமே, மாடியிலேயே விட்டுப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

மாலையில் ஒச்சாண்டி வந்தார். போட்டிக்காகத் திடலில் புல்லைச் சீராக்கச் சொல்லி உத்தரவாம். "எப்படியும் அங்கனதான இருப்பேன், குச்சிய நான் பாத்துக்கிறேன் தொரை. ஓடுச்சுன்னா லயன்ல போய்ச் சத்தம் குடுக்குறேன்" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "அடிக்கடி பாருங்க" என்றேன்.

14 நவம்பர், புதன்

மழை. காலையில் ஒரு சாண் என்று ஒச்சாண்டி சொல்லியனுப்பினார்.

17 நவம்பர், சனி

எழுதியே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால். மழை தூறலாகிவிட்டது. கிளப் பாறையில், கொடிக்கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். வேலையில்லாதவன் வேறு எங்கே போவேன். அங்கிருந்து திடலும் லயனும் நன்றாகத் தெரியும். திடலில் ஒச்சாண்டி குனிந்து முளையைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு கத்தியைப் போட்டுவிட்டுச் சரிவில் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவாரென்று நான் நினைத்ததில்லை.

ஒவ்வொரு கதவாகத் தட்டினார். குரல் இங்கே வரவில்லை, கை மட்டும் தெரிந்தது. எல்லாரும் கொழுந்துக் காட்டில். வீட்டில் இருந்தது கிழடுகளும் நோயாளிகளும்தான். ஏழு பேர் வெளியே வந்து பேக்டரிப் பாதையில் ஏறுவதை எண்ணினேன். நான் "ஏறுங்க ஏறுங்க" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

கடைசி வீட்டில் சுயம்புலிங்கம் காய்ச்சலில் படுத்திருந்தான். ஒச்சாண்டி அதற்குள் போனார்.

அப்போது திடலின் ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்கள் நடந்தன. விழவில்லை. நின்றபடியே, ஒன்றின்பின் ஒன்றாக, வரிசை கலையாமல், மெதுவாகக் கீழே நடந்து போயின. சத்தமே இல்லை. புல்தரை மடிப்புக் கலையாத சீலை மாதிரி அவற்றோடு போனது. நான் நிற்கப் பழகிய இடம் அது. இவ்வளவு அமைதியாகப் போகுமா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. அதை எழுதத் தெரியவில்லை.

தூசி இல்லை. ஈரமண். கண் முன்னால் பதினாறு வீடும் கொட்டகையும் இருந்த இடத்தில் ஒரு செம்மண் ஓடை. நாற்பது வருடம் கழித்து அது தன் வழியில் இறங்கிக்கொண்டிருந்தது.

சுயம்புலிங்கத்தை உயிரோடு எடுத்தோம். மண் அவனைக் கட்டிலோடு ஓரமாக ஒதுக்கித் தள்ளியிருந்தது. ஒச்சாண்டி இல்லை.

எல்லாத் தாய்மாரும் காட்டிலிருந்து கொட்டகை இருந்த இடத்துக்குத்தான் ஓடி வந்தார்கள். மூன்று நாளாகப் பிள்ளைகள் மாடியில்தான் என்பது ஒருத்திக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை. மண்ணைக் கையால் தோண்டினார்கள். சங்கிலியம்மாள் பேக்டரி மேட்டிலிருந்து, "ஆத்தா! எல்லாம் இங்கன இருக்கு! பதினொண்ணும் இருக்கு!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

18 நவம்பர், ஞாயிறு

ஒச்சாண்டியின் உடல் கிடைத்துவிட்டது. போட்டி என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

6 டிசம்பர், வியாழன்

பெரியகுளத்தில் விசாரணை. "எதிர்பாராத மழை, முன்னறிகுறி எதுவும் இல்லை" என்று தட்டச்சு செய்த தாளைக் கம்பெனி வக்கீல் எனக்கு நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வேலை திரும்பக் கிடைக்கும் என்றார். நான் போடவில்லை. தேதிவாரியாகச் சொன்னேன். எத்தனை விரல், எத்தனை சாண். முளையை நானே பிடுங்கி நாலு தடவை நேராக நட்டதையும், குழியை மிதித்து மூடியதையும் சொன்னேன். ஒச்சாண்டியை அங்கே நிற்க விட்டவன் நான் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்து குருவிளா. அவரும் தாளில் கையெழுத்துப் போடவில்லை. ராஜமணி என்னிடம் இரண்டு முறை சொன்னார் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் வந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "நிங்கள் நாலு தடவ நட்டீங்க. நான் ஒரு தடவகூட வந்து நோக்கலை" என்றார். போடி பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

19 டிசம்பர், புதன்

போடி. கடையில் அண்ணனோடு உட்கார்ந்திருக்கிறேன். பஜார் தரை தட்டையானது. இருந்தும் எழுந்து நிற்கும்போதெல்லாம் கல்லாவைப் பிடித்துக்கொள்கிறேன். ஞானசெல்வி பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாள்.

10 பிப்ரவரி 1980, ஞாயிறு

புதிய துரை ஜீப் அனுப்பியிருந்தார். கருங்கல்மேட்டில் வேறொரு சரிவில் புது லயன் கட்ட இடம் பார்த்திருக்கிறார்கள். என்ஜினீயர் வந்து மண்ணைச் சோதித்துச் சரி என்று சொல்லியாயிற்றாம். ஆனால் ஜனங்கள் அஸ்திவாரம் தோண்ட விடவில்லையாம். சின்னத் துரை வந்து நின்று பார்க்கட்டும் என்கிறார்களாம்.

போனேன். நாற்பது ஐம்பது பேர் காத்திருந்தார்கள். ஒச்சாண்டியின் மனைவியும் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டிய மூலையில் நின்றேன். கண்ணை மூடினேன். ஒரு சத்தம் இல்லை. கைப்பிள்ளை ஒன்றுகூடச் சிணுங்கவில்லை.

விரல்நுனியில் பாரம் ஏறியது.

கண்ணைத் திறந்து உண்மையைச் சொன்னேன். "சாயுற மாதிரித்தான் இருக்கு. ஆனா எனக்கு எங்க நின்னாலும் அப்படித்தான் இருக்கு. போடியில எங்க வீட்டு வாசல்லயும் இருக்கு. தரையா, நானான்னு எனக்கே தெரியல. என் காலை நம்பாதீங்க."

என்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒச்சாண்டியின் மனைவிதான் முன்னால் வந்தாள்.

"ஒங்களுக்குச் சாயாத எடம் ஒண்ணு இல்லாமப் போகுமா? நாங்க இருக்கோம். நடங்க தொரை."

நடந்தேன். பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன். அவர்களும் நின்றார்கள். தேயிலைச் செடிகளைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டி, யாரும் அளந்து பார்க்காத ஒரு மேட்டு முதுகு வரைக்கும் ஏறினோம். எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. அங்கே மண் அரைச்சாண்தான். கீழே முழுக்கக் கரும்பாறை. நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. நூறுவரை எண்ணினேன்.

"இங்கன" என்றேன்.

"தண்ணி கெடையாது. அரை மைல் எறங்கிச் செமக்கணும்" என்றார் என்ஜினீயர்.

"செமக்குறோம்" என்றாள் சங்கிலியம்மாள். இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கிப் பாறைமேல் உட்கார வைத்தாள். அது இரண்டு கையாலும் பாறையைத் தட்டிப் பார்த்தது.